சூடாக்கினால் உறையும், குளிர்ந்தால் இளகும்: மெதைல் செலுலோசை மலைநாட்டில் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

டஸ்ட் தேயிலைத் தூளைக் கொஞ்சம் கூடவே போட்டு, சீனி சேர்க்காமல் நல்ல கடுஞ்சாயமாக இறக்கி, கண்ணாடிக் கிளாசில் ஊற்றி, ஜனவரி மாத இரவொன்றில் குசினி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுங்கள். நுவரெலியாப் பக்கம் என்றால் விடிந்ததும் கிளாசைப் பார்க்க வேண்டும். முதல் நாள் கண்ணாடி மாதிரி இருந்த சிவப்புச் சாயம், யாரோ ஒரு சொட்டுப் பால் விட்டதுபோலக் கலங்கிக் கிடக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் திரும்பவும் தெளியும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் இதைக் 'கிரீமிங் டவுன்' என்பார்கள். சாயத்திலுள்ள கஃபீனும் துவர்ப்புத் தரும் பொலிபீனோல்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது.

இந்த வழிகாட்டி அதற்கு நேரெதிராக நடக்கும் ஒரு பொருளைப் பற்றியது. குளிரில் தெளிந்த பசையாக இருக்கும், சூடாக்கினால் கலங்கும், இன்னும் சூடாக்கினால் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு உறையும், ஆறவிட்டால் பழையபடி இளகும். பெயர் மெதைல் செலுலோசு. உணவுப் பொட்டலங்களில் ஈ 461 என்று போட்டிருப்பது இதைத்தான். மரக்கூழிலும் பஞ்சிலும் இருக்கும் செலுலோசிலிருந்து வருவது.

வெப்பத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும் பல்பகுதியம் (பாலிமர் என்றால்தான் சிலருக்குப் புரியும்) என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பொலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைட்டு. 1968 இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் அதைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தத் துறைக்கே அதுதான் செல்லப்பிள்ளை, ஏனென்றால் நீரில் அது 32 பாகை செல்சியஸ் அளவிலேயே கலங்கிவிடும், உடம்புச் சூட்டுக்குப் பக்கம். ஆனால் அது பெற்றோலிய வழியில் வருவது, அதன் மூலப்பொருள் நச்சு, பாடசாலை ஆய்வுகூடத்தில் கையாளக் கூடியதல்ல. உயர்தரப் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்கு இதைக் கேட்டு வரும்போதெல்லாம் நான் மெதைல் செலுலோசின் பக்கம்தான் திருப்பிவிடுவேன். 32 பாகை வேண்டுமென்றால் அதையும் ஓரளவுக்கு எட்டலாம், எப்படி என்று கீழே வரும். உறையும் வெப்பநிலை தூளிலேயே எழுதி வைத்த ஒன்றல்ல, அந்தத் தண்ணீரில் நீங்கள் வேறு என்ன போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

ஏன் இப்படித் தலைகீழாக நடக்கிறது

செலுலோசு என்பது குளுக்கோசு வளையங்கள் கோத்த மாலை. ஒவ்வொரு வளையத்திலும் மூன்று ஐதரொட்சில் கூட்டங்கள். மூன்றுமே தண்ணீரை விரும்புகிறவை, ஆனாலும் செலுலோசு தண்ணீரில் கரையாது, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து மாலைகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உள்ளே விடுவதில்லை. அந்த மூன்றில் சராசரியாக 1.8 அளவை மெதொட்சிக் கூட்டமாக (ஐதரொட்சிலின் ஐதரசன் இருந்த இடத்தில் மெதைல் கூட்டம்) மாற்றிவிட்டால் மாலைகளால் அப்படி ஒழுங்காக அடுக்க முடியாது, இடைவெளியில் தண்ணீர் புகுந்துவிடும், அதனால் கரையும். வேடிக்கை என்னவென்றால் மெதைல் கூட்டம் தண்ணீருக்கு ஆகாதது. தண்ணீரை வெறுக்கும் ஒன்றை ஒட்டித்தான் செலுலோசைத் தண்ணீரில் கரைய வைக்கிறோம்.

குளிரில் தண்ணீர் மூலக்கூறுகள் அந்த மெதைல் கூட்டங்களைச் சுற்றிக் கூடு மாதிரி ஒழுங்காக நிற்கும். சூடேறினால் கூடு கலைந்துவிடும். மறைப்பு இல்லாமல் போன மெதைல் கூட்டங்கள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், முழுக் கரைசலும் வலையாகிவிடும். அந்த வலை 15 நனோமீற்றர் அளவு தடிப்புள்ள நார்களால் ஆனது என்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 2013 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி வைத்துக் காட்டினார்கள்.

இதைத் தொழிற்சாலையில் செய்வது எப்படி என்றால், மரக்கூழைச் செறிந்த சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, அழுத்தக் கலத்தில் குளோரோமெதேன் வாயுவோடு தாக்கமடைய விடுவார்கள். இதை மட்டும் நீங்கள் முயலவே கூடாது. வாயு நச்சு, தீப்பற்றும், அதற்குப் பதிலாகப் பழைய புத்தகங்கள் சொல்லும் டைமெதைல் சல்பேற்று அதைவிட மோசம். கடைசிப் படியை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்: வந்த பொருளைக் கழுவுவது கொதிநீரில். குளிர்ந்த நீரில் கழுவினால் சரக்கு முழுக்கக் கரைந்து போய்விடும், கொதிநீரில் உப்பும் காரமும் போகும், சரக்கு நிற்கும்.

ஆக, தூளை வாங்குகிறோம், அதை வைத்துச் செய்கிறோம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் மெதைல் செலுலோசு என்று கேளுங்கள். கேக் சாமான் கடையில் ஐசிங் பூ செய்ய விற்கும் தூள் வேண்டாம். அது பெரும்பாலும் காபொக்சிமெதைல் செலுலோசு, பெயர் கிட்டத்தட்ட ஒன்று, குணம் வேறு. நானும் ஒருமுறை அப்படி ஒரு கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான் சேர்' என்று தந்ததை வாங்கி வந்து ஒரு பின்னேரம் முழுக்க அடுப்பில் வைத்துக் கிளறினேன். சூடேற ஏறத் தண்ணியாகிக்கொண்டே போனதே தவிர உறையவில்லை. பிள்ளைகள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஐதரொட்சிபுரோப்பைல் மெதைல் செலுலோசு, ஈ 464, கிடைத்தால் அது பரவாயில்லை. ஆனால் அதன் வகையைப் பொறுத்து உறையும் புள்ளி இன்னும் மேலே, சிலது 70 ஐயும் தாண்டும்.

பக்கெற்றில் 15, 400, 1500, 4000 என்று ஒரு எண் இருக்கும். அது 2 சதவீதக் கரைசலின் பிசுபிசுப்பு. எண் கூடினால் மாலை நீளம், கூழ் உறுதி. 4000 எடுங்கள்.

மற்றபடி 0.1 கிராம் காட்டும் சிறு தராசு, வெப்பமானி, ஐந்தாறு பரிசோதனைக் குழாய்கள், பெரிய முகவை அல்லது சட்டி, முட்டை அடிக்கும் கம்பி, ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று. பிரிட்ஜ் இருந்தால் நல்லது.

வெப்பமானியைப் பற்றி ஒரு விஷயம். கொதிநீரில் வைத்துச் சரிபார்ப்பவர்கள் 100 ஐ எதிர்பார்க்காதீர்கள். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 அளவு. இதை மறந்துபோய் நல்ல வெப்பமானி ஒன்றைப் பழுது என்று ஒதுக்கிவிட்டு இன்னொன்று வாங்கி, அதுவும் 94 காட்டிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உருகும் ஐஸில் வைத்து 0 பாருங்கள், அது எந்த மலையிலும் மாறாது.

கரைப்பது: பாதிப்பேர் இங்கேதான் தோற்கிறார்கள்

தூளை நேரே குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து தோல் கட்டிவிடும், உள்ளே காய்ந்த மா அப்படியே கிடக்கும், களி கிண்டும்போது விழும் கட்டி மாதிரி. அதற்குப் பிறகு எவ்வளவு அடித்தாலும் உடையாது. அதனால் வழி இதுதான்: தூள் கரைய முடியாத சூட்டில் முதலில் பரப்பிவிட்டு, பிறகு குளிர வைத்துக் கரைய விடுவது.

200 கிராம் கரைசலுக்கு 4 கிராம் தூள், அதாவது 2 சதவீதம். 70 மில்லிலீற்றர் தண்ணீரை 85 பாகை வரை சூடாக்கி இறக்குங்கள். கம்பியால் அடித்துக்கொண்டே தூளைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். கரையாது, கரையவும் கூடாது. ரவை மிதக்கும் கஞ்சிபோல வெள்ளையாக இருக்கும். எல்லாத் துகளும் நனைந்ததும் 126 மில்லிலீற்றர் ஐஸ் தண்ணீரை ஊற்றி விடாமல் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் கம்பியில் பாரம் தெரியும், பசை தடிக்கத் தொடங்கும். அரை மணி நேரம் கிளறிவிட்டு மூடிப் பிரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். மெதைல் செலுலோசு முழுதாகத் தண்ணீர் குடிக்க 5 பாகைக்குக் கிட்டக் குளிர் வேண்டும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாடு. இங்கே உறைபனி விழும் மாதத்தில் சட்டியை மூடிக் கொல்லைப்பக்கத் திண்ணையில் வைத்தாலே போதும், கறண்டும் மிச்சம்.

காலையில் குமிழி போன, தேன் பதத்தில், கண்ணாடி போன்ற பசை இருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் குளிர் போதவில்லை, இன்னும் ஒரு இரவு வையுங்கள்.

அளப்பது

இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக அளக்க வேண்டும், பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வார்கள். கலங்கும் புள்ளி ஒன்று, உறையும் புள்ளி மற்றது.

குழாயில் 5 மில்லிலீற்றர் பசையை எடுத்து, தண்ணீர் நிரப்பிய முகவைக்குள் நிறுத்துங்கள். முகவைக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசியில் கறுப்புப் பேனையால் தடிப்பாக ஒரு 'க' எழுதி ஒட்டுங்கள். வெப்பமானி தண்ணீரில் இல்லாமல் இன்னொரு குழாய்ப் பசைக்குள் இருக்கட்டும், ஏனென்றால் பசை தண்ணீரை விடப் பிந்தித்தான் சூடாகும். நிமிடத்துக்கு ஒரு பாகை என்ற வேகத்தில் மெதுவாகச் சூடாக்குங்கள். 'க' கண்ணிலிருந்து மறையும் வெப்பநிலையைக் குறியுங்கள். அதற்குப் பிறகு இரண்டு பாகைக்கு ஒருமுறை குழாயை எடுத்துச் சரித்துப் பாருங்கள். வழியாமல் நிற்கும் முதல் வெப்பநிலைதான் உறையும் புள்ளி.

2 சதவீத மெதைல் செலுலோசு 50 தொடக்கம் 55 பாகைக்குள் உறைவது வழக்கம். உங்களுக்கு இரண்டு மூன்று பாகை தள்ளி வந்தால் பதறாதீர்கள், வகையும் சூடாக்கும் வேகமும் அந்த வித்தியாசத்தைத் தரும். முதல் தடவை குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது எல்லாரும் கையை இழுத்துக்கொள்வார்கள். வெள்ளைக் கட்டி, அவித்த முட்டை வெள்ளை மாதிரி, அசையாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு ஆறும்போதும் அளந்து பாருங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம், எனக்கென்னவோ முழுப் பரிசோதனையிலும் இதுதான் சுவையான இடம். 52 இல் உறைந்தது 52 இல் இளகாது. 45 இலும் கட்டியாகவே இருக்கும். முப்பதுகளுக்கு இறங்கிய பிறகுதான் ஓடத் தொடங்கும். ஒட்டிக்கொண்ட நார்களைப் பிரித்தெடுக்கத் தண்ணீருக்கு இன்னும் கூடிய குளிர் தேவைப்படுகிறது. போகும் பாதையும் வரும் பாதையும் வேறு, அதனால் வரைபில் இரண்டு கோடு போடுங்கள்.

புள்ளியை நகர்த்துவது

பசையை ஆறு பங்காகப் பிரியுங்கள். ஒன்று ஒன்றும் சேர்க்காத ஒப்பீட்டுக் குழாய். மற்றவற்றில் கறியுப்பு, அமோனியம் சல்பேற்று, சீனி. அமோனியம் சல்பேற்றைத் தேடி எங்கும் போக வேண்டாம், தோட்டத்தில் உரமாகப் போடுவதுதான், யாரிடமாவது ஒரு பிடி கேட்டால் தருவார்கள். தண்ணீரில் கரைத்து வடித்து எடுங்கள், மண்ணும் தூசும் இருக்கும். சுண்ணாம்போ சலவைச் சோடாவோ அதனோடு சேரவிடாதீர்கள், அமோனியா கிளம்பி மூக்கை அடைக்கும்.

வரிசை முக்கியம். பசை முதலில், உப்பு பிறகு. உப்புத் தண்ணீரில் தூளைக் கரைக்கப் போனால் அது சரியாகக் கரையாது. உப்பைச் செறிந்த கரைசலாக்கிச் சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த பசையில் விட்டுக் கலக்குங்கள். பசை நீர்த்துப் போவதால் ஒப்பீட்டுக் குழாயிலும் அதே அளவு வெறும் தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எது உப்பின் வேலை, எது நீர்த்ததன் வேலை என்று தெரியாது.

மூன்றுமே புள்ளியைக் கீழே இறக்கும். தண்ணீரைத் தங்கள் பக்கம் இழுத்து, மெதைல் கூட்டங்களைச் சுற்றி நிற்கும் கூட்டைப் பலவீனமாக்குவதுதான் காரணம். ஒரே நிறைக்குச் சீனி மெதுவாக இறக்கும், கறியுப்பு அதைவிட, சல்பேற்று எல்லாவற்றையும் விட. உப்புக்களை இப்படி வரிசைப்படுத்தியவர் ஹொஃப்மைஸ்டர் என்ற விஞ்ஞானி. 1888 இல் முட்டை வெள்ளையை வைத்து அவர் போட்ட அதே வரிசை இங்கேயும் பொருந்துகிறது. சல்பேற்றில் அவசரப்பட்டால் அறை வெப்பநிலையிலேயே பசை வெள்ளையாகத் திரண்டுவிடும், அதனால் ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் ஒருமுறை அளந்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். இப்படித்தான் முப்பதுகளுக்கு இறக்குவது. மருத்துவ ஆய்வுகளில் உடம்புச் சூட்டில் உறையும் மெதைல் செலுலோசு செய்வதும் உப்பைக் கொண்டுதான்.

இனித் தேயிலை. பசையை நான்கு மடங்கு நீர்த்து 0.5 சதவீதமாக்குங்கள். கடுஞ்சாயத்தை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு வடித்து, சம அளவு சேருங்கள். கஞ்சித்தண்ணி போலக் கலங்கும். வெறும் புகைமூட்டம் மாதிரி நின்றுவிட்டால் ஒரு சிட்டிகை சல்பேற்றுப் போடுங்கள், பழுப்புத் திரளாக அடியில் இறங்கும். சாயத்தின் பொலிபீனோல்கள் மாலைகளில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன, வெப்பம் செய்ய வேண்டிய வேலையை அவை முன்கூட்டியே செய்துவிடுகின்றன. அவுஸ்திரேலியாவில் வைன் செய்பவர்கள் 2006 இலிருந்து இதே தந்திரத்தால் வைனின் தனினை (துவர்ப்புத் தரும் பொலிபீனோல்களை) அளக்கிறார்கள், மெதைல் செலுலோசும் அமோனியம் சல்பேற்றும் சேர்த்து வீழ்படிவாக்கி, முன்னும் பின்னும் ஒளியுறிஞ்சலைப் பார்த்து. தோட்டத் தூளில் எதில் தனின் கூட என்று ஒப்பிடும் செயற்றிட்டத்தை யாராவது இங்கே செய்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் கவனம், ஆரம்பத்தில் சொன்னபடி சாயம் தானாகவே குளிரில் கலங்கும். அதனால் சாயமும் வெறும் தண்ணீரும் கலந்த குழாய் ஒன்று பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை அது இல்லாமல் செய்து, குளிரில் கலங்கிய சாயத்தைப் பார்த்துப் 'பிடித்துவிட்டோம்' என்று கொண்டாடியிருக்கிறோம்.

கரையாத, ஆனால் சுருங்கி விரியும் தாள்

இதுவரை செய்தது குளிர்ந்த நீர் பட்டால் கரைந்து போகும். வேலைக்கு உதவ வேண்டுமென்றால் மாலைகளைக் குறுக்கே தைக்க வேண்டும். நூல் சிற்றிக் அமிலம்.

100 கிராம் பசைக்கு 0.2 கிராம் அமிலம். தராசு அவ்வளவு நுணுக்கம் இல்லையென்றால் 1 கிராமை 50 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் எடுங்கள், கணக்குச் சரி. குளிரில் கலந்து, குமிழி போகவிட்டு, 10 சென்ரிமீற்றர் அகலமான தட்டையான பிளாஸ்ரிக் மூடியில் 20 மில்லிலீற்றர் ஊற்றி மட்டமாக வையுங்கள். காய்வதற்கு இரண்டு நாள் என்று எழுதுவார்கள். மழை மாதத்தில் இங்கே நான்கு நாள் ஆகும், பூஞ்சணமும் பிடிக்கும். குண்டு பல்பு ஒன்றின் கீழே வைத்தால் தப்பலாம். காய்ந்ததும் மெல்லிய பொலித்தீன் மாதிரி உரிந்து வரும்.

அதை அலுமினியத் தாளில் வைத்து ஓவனில் 170 பாகையில் 15 நிமிடம். இந்தச் சூட்டில் சிற்றிக் அமிலம் நீரிழந்து அன்ஐதரைட்டாக மாறிச் செலுலோசின் மிச்ச ஐதரொட்சில்களில் எசுத்தர் பிணைப்பு போடும். இலேசான மஞ்சள் வந்தால் பரவாயில்லை. 190 ஐத் தாண்டினால் பழுப்பாகி நொறுங்கும். கேக் ஓவனின் வட்டக் குமிழை நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள்.

சோதனை எளிது. சுடாத துண்டு ஒன்றும் சுட்ட துண்டு ஒன்றும் குளிர்ந்த நீரில் போடுங்கள். சுடாதது வழுவழுப்பாகி மறைந்துவிடும். சுட்டது ஊதிப் பெருத்து, மீனின் செதிள் மாதிரி ஒளி ஊடுருவும்படி கிடக்கும். எடுத்துத் துடைத்து நிறுங்கள். பிறகு 70 பாகை நீரில் பத்து நிமிடம் வைத்து மறுபடி நிறுங்கள், குடித்த தண்ணீரில் ஒரு பகுதியைக் கக்கிச் சுருங்கியிருக்கும். குளிரில் மீண்டும் ஊதும். இரண்டும் கரைந்தால் சூடு போதவில்லை, இரண்டு வெப்பநிலையிலும் நிறை மாறாவிட்டால் அளவுக்கு மீறித் தைத்துவிட்டீர்கள், அமிலத்தைப் பாதியாக்குங்கள். உணவு நிறம் ஒன்றைக் குளிர்நீரில் ஏற்றிவிட்டுச் சூட்டில் அது வெளியே வருவதையும் பார்க்கலாம்.

இதை வைத்து உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் தாள் செய்யலாமா என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்விதான், ஆனால் 50 பாகையில் சுருங்கும் தாள் நம் தேயிலை மலையில் ஒருநாளும் சுருங்காது, மண் அவ்வளவு சூடாவதே இல்லை. மண்ணின் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவில் புள்ளியைக் கொண்டுவர வேண்டும். உரமாக ஏற்றும் சல்பேற்றே அந்த இறக்கத்தையும் செய்யும், ஆனால் உரம் வெளியேற வெளியேறப் புள்ளி திரும்ப மேலே ஏறிவிடும். அந்த இடத்தைத் தாண்டியவர் எங்கள் ஆய்வுகூடத்தில் இன்னும் இல்லை.

கடைசியாகப் பாத்திரம் கழுவுவது. குளிருக்குப் பயந்து கேத்தல் சுடுநீரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது பசையைக் குழாயிலும் கம்பியிலும் தொட்டிக் குழியிலும் வெள்ளைக் கட்டியாக உறைய வைத்துவிடும், அப்புறம் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விரல் விறைத்தாலும் பைப் தண்ணீரிலேயே ஊறப் போட்டுவிட்டு, போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள், தானாகக் கழன்றிருக்கும்.